காட்டுக்குள் போன தண்டவாளம்: பழைய மரத்தொழிலில் தடிகள் நகர்ந்த விதம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் பழங்காடுகளில் நின்ற டக்ளஸ் ஃபிர் மரத்திலிருந்து 40 அடி நீளமும் 4 அடி விட்டமும் உள்ள ஒரு தடியை அறுத்தெடுத்தால் சுமார் 500 கன அடி வரும். பச்சை மரம் கன அடிக்கு 17 கிலோ என்று வைத்தால், அந்த ஒரு தடி எட்டரை டன். அந்தக் காடுகளில் இதைப் பெரிய தடி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். மரத்தை வெட்டிச் சாய்க்க இரண்டு பேரும் ஒரு நீள ரம்பமும் போதும். மழையில் ஊறிய மலைச்சரிவிலிருந்து அந்த எட்டரை டன்னை எடுத்து, பல மைல் தள்ளியிருக்கும் அறுவை ஆலையின் வாசலில் சேர்ப்பதில்தான் தொழிலே இருந்தது. 1880கள் முதல் 1940கள் வரை அதைச் செய்தவை நீராவி எஞ்சினும் இரும்பு வடமும் தண்டவாளமும்.

மரத்தொழில் ரயில் ஊரையும் ஊரையும் இணைக்க வந்ததல்ல. மரம் இருக்கிற இடத்தைத் தேடிப் போகும். மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போடுவார்கள். சில மாதங்களே ஆயுள் உள்ள பாதைக்கு யாரும் குன்றைக் குடைந்து பணம் செலவழிக்க மாட்டார்கள். செங்குத்தான ஏற்றம், கூர்மையான வளைவு, மெல்லிய தண்டவாளம், விநோதமான எஞ்சின்கள் எல்லாம் இந்தத் தற்காலிகத் தன்மையிலிருந்து வந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

தண்டவாளத்துக்கு முன்

மேற்குக் கரையில் முதலில் இருந்தது சறுக்குப் பாதை. சிறு மரங்களைப் பாதைக்குக் குறுக்கே, சுமார் 8 முதல் 10 அடிக்கு ஒன்றாகப் பாதி புதைத்து வைப்பார்கள். எவ்வளவு குட்டையான தடியும் எப்போதும் இரண்டு கட்டைகள் மேலாவது படிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை மண்ணில் குத்தும். ஆறு முதல் பத்து ஜோடி எருதுகள் தடிகளைச் சங்கிலியால் கோத்து இழுக்கும். முன்னே ஒரு ஆள் கட்டைகளின் மேல் சுறா எண்ணெயோ கொழுப்போ தடவிக்கொண்டே போவார். இறக்கத்தில் எண்ணெய் தடவினால் தடி எருதுகள் மேல் பாய்ந்துவிடும். அங்கே மண்ணைத் தூவி உராய்வைக் கூட்ட வேண்டும். சியாட்டிலில் ஹென்றி யெஸ்லர் 1853இல் நீராவி ஆலையைத் தொடங்கியபோது மேட்டிலிருந்து தடிகள் இறங்கியது இப்படியொரு பாதையில்தான். எருது மெதுவாக நடக்கும், தீவனம் தின்னும். அதனால் தண்ணீர்க் கரையிலிருந்து ஒன்றிரண்டு மைலுக்கு மேல் இந்த முறை கட்டுப்படியாகாது. கரையோர மரம் தீர்ந்தபோது தொழில் முட்டி நின்றது.

மிச்சிகன் மாநிலத்தில் சிக்கல் வேறு. அங்கே குளிர்காலத்தில் உறைந்த பாதையில் சறுக்குவண்டிகளில் தடிகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, பனி உருகி ஆறு பெருகும்போது மிதக்க விடுவது வழக்கம். பனி பொய்த்தால் அந்த ஆண்டே போயிற்று. ஸ்காட் கெரிஷ் என்ற மரத்தொழில் முதலாளி பனியை நம்பாமல் தடிகளை ஆற்றுக்குக் கொண்டுவர 1877இல் ஒரு குட்டி ரயில்பாதை போட்டார். அடுத்து வந்த 1877-78 குளிர்காலம் வெதுவெதுப்பாக அமைய, மற்றவர்களின் தடிகள் காட்டிலேயே கிடந்தன. அவருடையவை ஆற்றுக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு மரத்தொழில் ரயில்கள் வேகமாகப் பரவின.

பாதை

ஆலையிலிருந்தோ கடற்கரையிலிருந்தோ காட்டை நோக்கிப் போவது முதன்மைப் பாதை. அதை ஓரளவு ஒழுங்காகப் போடுவார்கள். ஏற்றம் 100 அடிக்கு 2, 3 அடிக்குள் இருக்கும். அதிலிருந்து பிரிகிற கிளைப் பாதைகள்தான் தற்காலிகமானவை. அவற்றில் 100 அடிக்கு 6 அடி, 8 அடி ஏற்றமும் உண்டு. கிளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பது தடியை இழுக்கும் வடம் எட்டும் தூரத்தைப் பொறுத்தது. வடம் 1,000 அடி எட்டுமானால், இரண்டு பக்கமும் சேர்த்து 2,000 அடிக்கு ஒரு கிளை போதும். அந்தத் தூரம் குறைந்தால் கிளைகள் அதிகம் வேண்டும், செலவு ஏறும்.

தண்டவாளம் கெஜத்துக்கு 56 அல்லது 60 பவுண்டு, அதாவது மீட்டருக்கு 28 முதல் 30 கிலோ. இன்றைய இந்திய அகலப்பாதையின் 60 கிலோ தண்டவாளத்தில் பாதி. இன்னும் மெல்லியதையும் கிளைகளில் போட்டார்கள்; நாலைந்து பேர் தூக்கி நகர்த்த முடிய வேண்டுமல்லவா? அங்கேயே வெட்டிய மரத்தில் செதுக்கிய ஸ்லீப்பர் கட்டைகள், ஜல்லி அநேகமாகக் கிடையாது. பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புவதைவிட மரத்தாங்கிப் பாலம் கட்டுவது மலிவு, ஏனென்றால் மரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மருந்தேற்றாத மரம் ஈரத்தில் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் பாலத்தின் வேலையும் முடிந்திருக்கும்.

பல்சக்கர எஞ்சின்

சாதாரண நீராவி எஞ்சினில் பெரிய இயக்குசக்கரங்கள் ஒரே விறைப்பான சட்டத்தில் வரிசையாக நிற்கும். அவற்றைத் தண்டுகள் இணைக்கும். கூர்மையான வளைவில் அந்த வரிசை வளையாது. தண்டுகளின் ஏறியிறங்கும் எடை மெல்லிய தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடித்துக்கொண்டே இருக்கும். ஆணிகள் தளர்ந்து தண்டவாளங்கள் விலகும், எஞ்சின் நடுவில் இறங்கிவிடும்.

இதற்கு விடை கண்டவர் மிச்சிகனில் மரத்தொழில் நடத்திய எஃப்ரைம் ஷே. அவருடைய வடிவமைப்பை ஓஹையோவின் லிமா தொழிற்சாலை 1880 முதல் கட்டியது; காப்புரிமை 1881இல் கிடைத்தது. 1945 வரை சுமார் 2,770 ஷே எஞ்சின்கள் வந்தன. பரவலாக ஓடிய வகையில் மூன்று சிலிண்டர்கள் பாய்லரின் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அந்த எடையை ஈடுகட்ட பாய்லரே இடப்பக்கம் தள்ளி அமர்ந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எஞ்சின் கோணலாகத் தெரியும். சிலிண்டர்கள் சுழற்றும் கிராங்க் தண்டு எஞ்சினின் வலப்பக்கமாக முன்னும் பின்னும் நீள்கிறது. ஒவ்வொரு அச்சின் வலப்பக்கச் சக்கரத்தின் வெளிமுகத்திலும் ஒரு பெரிய பல்சக்கரம். தண்டில் உள்ள சிறிய பல்சக்கரம் அதைச் சுழற்றும். சக்கரங்கள் எல்லாம் திரும்பக்கூடிய போகிகளில் (சக்கரங்கள் பொருத்திய சிறு சட்டங்களில்) இருப்பதால், வளைவில் தண்டும் மடங்க வேண்டும், நீளவும் குறுகவும் வேண்டும். மடங்க, யுனிவர்சல் ஜாயின்ட் எனும் எப்பக்கமும் மடங்கும் மூட்டு. நீளத்துக்கு, சதுரக் குழாய்க்குள் வழுக்கி ஓடும் சதுரத் தண்டு. இவ்வளவுதான் ரகசியம்.

இதனால் மூன்று நன்மைகள். வளைவில் எஞ்சின் மடங்கிப் போகும். எல்லாச் சக்கரமும் இழுக்கும். தண்ணீரும் எரிபொருளும் இருக்கிற பின்பகுதியின் எடையும் பிடிமானத்துக்கு உதவும். மூன்றாவது, இழுப்பு சீராக இருக்கும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று சிலிண்டரும் சேர்ந்து ஆறு உந்தல் தரும். சக்கரம் ஒரு முறை சுற்றத் தண்டு இரண்டு முறைக்கு மேல் சுற்ற வேண்டும் என்பதால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல். இரு சிலிண்டர் சாதாரண எஞ்சினில் அது நான்குதான். ஒவ்வொரு உந்தலின் உச்சத்திலும் சக்கரம் வழுக்கப் பார்க்கும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 அடிக்கு 1 அடி ஏற்றம் ஒவ்வொரு டன்னுக்கும் 10 கிலோ இழுப்பு கேட்கும். 6 அடி ஏற்றத்தில் 60 கிலோ. கரடுமுரடான பாதையின் உராய்வுக்கு 10 கூட்டினால் டன்னுக்கு 70 கிலோ. ஈரத் தண்டவாளத்தில் இயக்குசக்கரங்களின் மேலுள்ள எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழுப்பாகப் பெறலாம். 60 டன் ஷே 12 டன் இழுப்பு தரும். அது 171 டன்னை ஏற்றும். எஞ்சினைக் கழித்தால் 111 டன், அதாவது தலா 10 டன் உள்ள 11 காலி வண்டிகள். இயக்குசக்கரங்களில் 45 டன்னும் மொத்த எடை 100 டன்னும் உள்ள சாதாரண எஞ்சின் 128 டன்னையே ஏற்றும். தன்னைக் கழித்தால் 28 டன், மூன்று வண்டிகூட முழுதாகத் தேறாது. எனவே வேகமாக ஓடும் சாதாரண எஞ்சின்கள் முதன்மைப் பாதையிலும், மணிக்கு 10 மைல் அளவில் நகரும் பல்சக்கர எஞ்சின்கள் கிளைகளிலும் வேலை செய்தன.

பென்சில்வேனியாவில் உருவான கிளைமாக்ஸ், ஹைஸ்லர் எஞ்சின்களும் இதே குடும்பம். அவற்றில் தண்டு எஞ்சினின் நடுவே ஓடும். ஹைஸ்லரில் இரண்டு சிலிண்டர்கள் பாய்லரின் இருபுறமும் சாய்ந்து நிற்கும். ஷேயின் பல்சக்கரங்கள் வெளியே தெரிவதால் மண்ணும் பனியும் பற்களில் புகுந்து தேய்க்கும், பல் முறியும். ஆனால் அதே காரணத்தால் பழுதைக் கண்ணால் பார்த்து, காட்டிலேயே கழற்றி மாற்ற முடிந்தது. தொலைதூர முகாம்களுக்கு இது பெரிய வரம்.

தடியைத் தண்டவாளத்துக்கு இழுப்பது

எருதை ஓய்வுக்கு அனுப்பியது டாங்கி எஞ்சின். கலிஃபோர்னியாவின் யுரேக்காவில் ஜான் டோல்பியர் 1881இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்றார். செங்குத்துப் பாய்லர், ஒரு சிலிண்டர், கயிறு சுற்றும் உருளை, எல்லாம் கனத்த மரச் சட்டத்தின் மேல். முதலில் கயிற்றைத் திரும்பக் காட்டுக்குள் இழுத்துப்போக ஒரு குதிரை வேண்டியிருந்தது. பிறகு இரும்பு வடமும், வடத்தைத் திரும்ப இழுக்கும் இரண்டாவது உருளையும் வந்தன. இடம் மாற வேண்டுமென்றால் மேலே ஒரு பெரிய மரத்தில் வடத்தைக் கட்டி, எஞ்சின் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறிவிடும்.

தரையோடு இழுக்கும்போது தடியின் முனை வேரிலும் அடிக்கட்டையிலும் முட்டும். எஞ்சின் விடாமல் இழுத்தால் வடம் அறும். அறுந்த வடம் சுழன்றடிக்கும்போது எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. முனையின் விளிம்பைக் கோடரியால் செதுக்கி உருண்டையாக்குவது ஓரளவு உதவியது. சரியான தீர்வு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய உயர் வட முறை. கிளைப் பாதைக்கருகே நேரான, உயரமான மரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏறுபவர் காலில் இரும்பு முள்ளும், மரத்தைச் சுற்றிய கயிறும் கொண்டு, கிளைகளைக் கழித்தபடியே 150, 200 அடி ஏறி உச்சியை வெட்டிச் சாய்ப்பார். உச்சி விழும் கணத்தில் மொட்டை மரம் முன்னும் பின்னும் ஆடும். அவர் அதை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மரத்தைச் சுற்றிலும் இழுவடங்களை அடிக்கட்டைகளில் கட்டி, உச்சியில் ஒரு பெரிய இரும்புக் கப்பியை ஏற்றுவார்கள். வடம் அந்தக் கப்பி வழியாக வருவதால் தடியின் முனை தூக்கிக்கொள்ளும்; அடிக்கட்டைகளைத் தாண்டி வந்துவிடும்.

எஞ்சின் ஓட்டுநருக்குத் தடி கட்டப்படும் இடம் தெரியாது. இடையில் ஒரு பையன் நின்று நீண்ட கம்பியை இழுத்து எஞ்சினின் ஊதலை ஒலிக்கச் செய்வான். ஒரு சிறு ஊதல்: வடம் நின்றிருந்தால் இழு, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்து. ஊதலுக்கு முன் எல்லோரும் விலகியிருக்க வேண்டும். முக்கியமாக, வளைந்து கிடக்கும் வடத்தின் உட்புறத்தில் யாரும் நிற்கக் கூடாது. இழுப்பு ஏறியதும் வடம் நேர்கோட்டுக்குத் துள்ளும். இடையில் இருப்பதை வெட்டிக்கொண்டே போகும். அவசரத்தில் இந்த ஒரு விதியை மறந்ததால் போன உயிர்கள் ஏராளம்.

தீ இன்னொரு அபாயம். புகைபோக்கிகளில் பொறி தடுக்கும் வலை வைத்தார்கள். ரயில் போன பின் பாதையில் ஆள் நடந்து பார்த்தார். வடமோ தடியோ காய்ந்த மரத்தில் உரசினாலும் தீப்பிடிக்கும். 1933 ஆகஸ்ட் 14 அன்று ஓரிகனின் டில்லமூக் காட்டில் மரம் இழுக்கும் இடமொன்றில் பற்றிய தீ, அந்தக் கோடையில் ஏறத்தாழ 2,40,000 ஏக்கரை எரித்தது.

வண்டியில் ஏற்றுவது, இறக்கத்தில் பிடிப்பது

தொடக்கத்தில் தடிகளைப் பாதையோர மேடையில் அடுக்கி, கொக்கி வைத்த நெம்புகோலால் உருட்டி ஏற்றினார்கள். பிறகு நீராவி ஏற்றிகள். மினசோட்டாவின் டுலூத்தில் கட்டப்பட்ட மெக்கிஃபர்ட் ஏற்றி பாதைக்கு இருபுறமும் கால்களை ஊன்றி நின்று, தன் சக்கரங்களைத் தூக்கிக்கொள்ளும். காலி வண்டிகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து வரும். ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பலாம். ஏற்றியை நகர்த்தவோ தனிப்பாதை போடவோ தேவையில்லை.

வண்டி என்றால் பலகைத் தளம் கொண்டதென்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரே உத்தரமும் இரு முனையில் போகிகளும் கொண்ட எலும்புக்கூடு வண்டி ஒரு வகை. அந்த உத்தரமும் இல்லாத இணையா போகிகள் இன்னொரு வகை: முன்னே நான்கு சக்கரம், பின்னே நான்கு சக்கரம், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மேலே கிடக்கும் தடிகள் மட்டுமே. போகியின் குறுக்குச் சட்டம் திரும்பும் என்பதால் வளைவில் பிரச்சினை இல்லை. எந்த நீளத் தடிக்கும் போகிகளை நகர்த்திக்கொள்ளலாம். பருத்த தடிகளை அடியில், ஓரத்து ஆப்புக்கட்டைகளை ஒட்டி வைக்க வேண்டும். அடுத்ததை அவற்றின் இடைக்குழியில் படிய வைத்துச் சங்கிலியால் இறுக்க வேண்டும். தடிகள் முன்னே வழுக்கினால் போகி கழன்று வண்டியே பிரிந்துவிடும்.

இப்போது பழைய கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே போன 11 வண்டிகளிலும் தலா மூன்று தடிகள் ஏற்றினால் ஒரு வண்டி சுமார் 36 டன். எஞ்சினோடு 456 டன். 6 அடி இறக்கத்தில் டன்னுக்கு 60 கிலோ தள்ளும். உராய்வு 10 கிலோவைத் தின்னும். மீதி 50 வீதம் சுமார் 23 டன் கீழ்நோக்கித் தள்ளுகிறது. எஞ்சின் பிடிக்கக்கூடியது 12 டன். மிச்சத்தை வண்டிகளின் பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் இணையா போகிகளில் அநேகமாகக் கைப்பிரேக்தான். பிரேக்காரர் ஆணி வைத்த பூட்ஸோடு ஓடும் தடிகளின் மேல் நடந்து, கைத்தடியை நெம்புகோலாக மாட்டி ஒவ்வொரு பிரேக்கையும் முறுக்க வேண்டும். மழையில் அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் 1893ஆம் ஆண்டு ரயில் பாதுகாப்புச் சட்டம் தானியங்கி கப்ளிங்கையும் காற்றுப் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. ஆனால் 25 அங்குலத்துக்கு மேற்படாத கப்ளிங் உயரம் உள்ள தடி வண்டிகளுக்கு விலக்கு தரப்பட்டது. மிக ஆபத்தான பாதைகளில் ஓடியவற்றுக்கே விலக்கு கிடைத்தது பெரிய அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குத் தொழிலாளர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரே முறையில் நாலு வண்டிகளை மட்டும் இறக்கு. அப்போது தள்ளுவிசை 10 டன்தான், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கீழே சமதளத்தில் சேர்த்துப் பெரிய ரயிலாக்கு. எஞ்சினை முடிந்தவரை கீழ்ப்பக்கமே வை. கப்ளிங் அறுந்தாலும் வண்டி தனியே ஓடாது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் மணலைத் தூவு, பிரேக்கைச் சற்றுத் தளர்த்து. வழுக்கும் சக்கரத்தைவிட உருளும் சக்கரமே நன்றாகப் பிடிக்கும்.

இன்னும் செங்குத்தான இடங்களில் எஞ்சினே போகாது; மேலே வடம் சுற்றும் வின்ச் வைத்து, வண்டிகளை வடத்தில் கட்டி இறக்குவார்கள். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு 1907இல் திறந்த டிராம்வேயில், சரிவுகளில் இறங்கும் தேக்கு வண்டிகளின் எடையே வடம் வழியாகக் காலி வண்டிகளை மேலே இழுத்தது. தடிகளைப் பாதைக்கு இழுத்தவை யானைகள். அது 1963இல் மூடப்பட்டது.

ஆலைக் குளம்

ஆலையில் தடிகளைத் தரையில் கொட்டாமல் தண்ணீரில் தள்ளுவார்கள். இறக்குமிடத்தில் தண்டவாளம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். கரையோரம் ஒரு பெரிய தடி கிடையாகப் பதிக்கப்பட்டிருக்கும். சங்கிலியையும் ஆப்பையும் எதிர்ப்பக்கமாக நின்றே விடுவிக்க வேண்டும், ஏனெனில் விடுபட்ட கணமே எல்லாம் உருளும். தண்ணீரில் இருக்கும் தடி வெடிக்காது, பூச்சி அரிக்காது, தீப்பிடிக்காது. சேறும் கல்லும் கழுவப்படுவதால் ரம்பத்தின் பல் பிழைக்கும். எட்டரை டன் தடியை ஒரே ஆள் நீண்ட துரட்டியால் தள்ளி, இனம் பிரித்து, ஆலையின் ஏற்றுச் சங்கிலிக்கு அனுப்பலாம். சில தடிகள் மூழ்கும். அந்த நட்டத்தைக் கணக்கில் சேர்த்தே வைத்திருந்தார்கள்.

1930கள் முதல் டீசல் லாரியும் புல்டோசரும் இந்த ஏற்பாட்டைப் பிடுங்கின. லாரிக்குக் கிளைத் தண்டவாளம் வேண்டாம். செங்குத்தாகப் போட்ட மண்சாலையே போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரும்பாலான பாதைகள் பெயர்க்கப்பட்டன. மேற்கு வர்ஜீனியாவின் காஸ் ஊரில் 1901இல் போட்ட மரத்தொழில் பாதை 1963 முதல் சுற்றுலாப் பாதையாக ஓடுகிறது. சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி ஏற்றம். 1945இல் கடைசியாகக் கட்டப்பட்ட ஷே எஞ்சினும் அங்கேதான் இருக்கிறது. காணொளியில் பார்ப்பதானால் எஞ்சினின் வலப்பக்கத்திலிருந்து எடுத்ததைத் தேடுங்கள். சிலிண்டர், தண்டு, மடங்கும் மூட்டு, பல்சக்கரம் நான்கும் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.